ஏழாம் கேள்வியில் நின்றவர்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் மூன்று சலவை இயந்திரங்களோடு இருபத்தாறு வருடமாக மாரடிக்கிறவர். பெரிய பேச்சுக்காரர் இல்லை. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஒன்றும் பெரும்பாலும் 'பார்க்கலாம்' என்பதாக இருக்கும். இயந்திரங்களோடு மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பேசுவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வதுண்டு. அதை அவர் மறுத்ததில்லை.

அவருடைய மனைவிக்கு அக்கம்பக்கத்தில் டீச்சர் என்று பெயர். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் அல்ல. வேலைக்குப் போகிற பெரியவர்கள் கணினியில் பார்த்துப் படிப்பதற்கான பயிற்சிப் பாடங்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்குத் தட்டச்சு செய்யப் போனவள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தட்டிக்கொண்டே, இது ஒருத்தருக்கும் புரியப்போவதில்லை என்று முணுமுணுத்தாள். முணுமுணுப்பு மேலதிகாரி காதில் விழுந்தது. "அப்படின்னா நீங்களே எழுதிக் காட்டுங்க" என்று அவர் எரிச்சலில் சொல்ல, இவள் எழுதியே காட்டிவிட்டாள். அதற்குப் பதினோரு வருடம் ஆகிறது.

அவளுடைய பாடங்கள் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் பிறக்கும். திரையில் வரப்போகும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. ஒரு சீட்டில் ஒரு விஷயம்தான். இரண்டாவது விஷயம் எட்டிப் பார்த்தால் அதற்குத் தனிச் சீட்டு. மேஜை நிரம்பியதும் சீட்டுகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறும். பதினாலு வயது மகள் பால் எடுக்கக் கதவைத் திறந்தால், தீயணைப்புப் பாடத்தின் நடுப்பகுதி கழன்று அவள் காலடியில் விழும்.

எழுதியதை டீச்சர் முதலில் சோதித்துப் பார்ப்பது கணவரிடம். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து வரி வரியாக வாசிப்பாள். எந்த இடத்தில் அவர் மெல்லுவதை நிறுத்துகிறாரோ அந்த இடத்தில் வரி சரியில்லை என்று அர்த்தம். உடனே பென்சிலால் அடித்துவிடுவாள். புரிந்ததா என்று வாய்விட்டுக் கேட்கவே மாட்டாள். கேட்டால் அவர் புரிந்தது என்று சொல்லிவிடுவார். வளர்ந்த மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவளுடைய அனுபவம்.

"காலையிலேருந்து நின்னு வேலை பார்த்துட்டு வந்து, ஷூவைக் கழட்டி மேஜைக்கடியில விட்டுட்டு உட்கார்றவங்க. ஸ்கூல்ல வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்ட பயம் இன்னும் வயித்துக்குள்ள இருக்கும். அவங்ககிட்ட போய் நம்ம புத்திசாலித்தனத்தைக் காட்டக் கூடாதுங்க" என்பாள்.

இப்படியே ஆபரேட்டர் பல தொழில்களில் தேறிவிட்டார். அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது. ஆனால் அதை எப்படியெல்லாம் ஓட்டக் கூடாது என்று ஒன்பது வழி தெரியும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காவலாளி குறிப்பேட்டில் 'சந்தேகமான ஆள்' என்று மொட்டையாக எழுதக் கூடாது, எல்லாம் சாப்பாட்டோடு சாப்பாடாக உள்ளே போனவை. ஒரே ஒருமுறை அவரே வாய் திறந்து யோசனை சொன்னதும் உண்டு. விடை தவறானால் திரையில் 'தவறு!' என்று சிவப்பில் வருவதை அவளே பெருமையாகக் காட்டியபோது, அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இப்படிச் சொன்னா எழுந்து போயிடுவாங்க. 'பரவாயில்லை'ன்னு சொல்லேன்."

அன்றிலிருந்து அவளுடைய எல்லாப் பாடங்களிலும் தவறான விடைக்குப் பரவாயில்லை என்றுதான் பதில். அந்தக் குரலும் அவளுடையதுதான். எதிரொலி வரக் கூடாது என்பதற்காகத் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசிப் பதிவு செய்வாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக் கூடாது.

மருத்துவமனைச் சலவைப் பாடம் வந்தது போன வருடக் கடைசியில். எட்டு மருத்துவமனைகளை நடத்தும் ஒரு நிர்வாகம், தன் சலவைக்கூடங்களில் வேலை செய்யும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பாடம் வேண்டும் என்று கேட்டிருந்தது. அந்த எட்டில் ஒன்று ஆபரேட்டர் வேலை பார்க்கும் மருத்துவமனை. டீச்சர் தனிப் பொறுப்பில் செய்யும் முதல் பாடமும் அதுதான். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"என்னங்க, உங்க வேலையைப் பத்தியே பாடம் எழுதப் போறேன்!"

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் அவள் முகம் தொங்கிப்போய் வந்தாள். தேர்வுக் கேள்விகள் முன்கூட்டியே கசியக் கூடாதாம். அந்த மருத்துவமனைகளில் வேலை செய்கிற யாரிடமும் பாடத்தைக் காட்ட மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்டைப் பற்றி ஆபரேட்டரிடம் கேட்கலாம், சலவையைப் பற்றிக் கேட்கக் கூடாது. சலவைக்கூடம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுப் பார்த்தாள். நேரமில்லை, தலைமை அலுவலகத்தில் ஒரு பொறியாளர் இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறியாளர் ஒரு கையேட்டை அனுப்பிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு மாதம் மஞ்சள் சீட்டுகள் படுக்கையறைச் சுவரில், சாத்திய கதவுக்குப் பின்னால் ஏறின. அவர் வெளியே மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எதிரே வாசிக்க ஆளில்லாமல் சாப்பாடு ருசிக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பாடம் அவருடைய சலவைக்கூடத்துக்கு வந்தபோது, ஓய்வறை மூலையில் ஒரு கணினியை வைத்து ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி எண். அவருடையது இருநூற்றுப் பதினேழு. அறிக்கையில் அந்த எண் மட்டும்தான் போகும். பெயரும் இருக்காது, எந்த மருத்துவமனை என்றும் இருக்காது. மதிப்பெண்ணை வைத்து ஒருவரை ஒருவர் கேலி செய்யக் கூடாது என்று அந்த ஏற்பாட்டை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியதே டீச்சர்தான்.

காதில் ஹெட்ஃபோனை மாட்டியதும் "வணக்கம், வாங்க, வசதியா உட்கார்ந்துக்கங்க" என்று அவளுடைய குரல். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். வேலை நேரத்தில் மனைவி யாருக்கும் தெரியாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. முகத்தில் வந்த சிரிப்பை மறைக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பாடமும் அருமையாகத்தான் இருந்தது. அழுக்குத் துணி வந்து ஏறும் பக்கம், நடுவில் சுவர், சுத்தமான துணி இறங்கும் பக்கம், ஒரு பக்கத்துக் கையுறையோடு மறுபக்கம் போகக் கூடாது என்று ஒவ்வொன்றாக, நிதானமாக. பிறகு பத்துக் கேள்விகள். ஆறு கேள்விகளை வரிசையாகச் சரியாகப் போட்டார்.

ஏழாவது கேள்வி இதுதான்: துணி சூட்டில் இருக்கும்போது மின்சாரம் நின்று, திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்? முதல் விடை, 'முதலிலிருந்து ஓட்டுவேன்.' இரண்டாவது, 'துணியை வெளியே எடுத்துவிடுவேன்.' மூன்றாவது, 'இயந்திரம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையில் பார்த்து, தொடர்க என்ற பொத்தானை அழுத்தி, மீதி ஓட்டம் முழுவதும் முடிகிறவரை காத்திருந்து, நேரத்தைப் பதிவேட்டில் குறிப்பேன்.'

அவர் யோசிக்கவே இல்லை. முதல் விடையை அழுத்தினார்.

"இது சரியான விடை இல்லை. பரவாயில்லை, மறுபடி முயற்சி பண்ணிப் பாருங்க" என்றாள் டீச்சர், சட்டைகளுக்கு நடுவிலிருந்து.

மற்ற ஒன்பதும் சரி. ஆனால் ஏழாவது கட்டாயக் கேள்வி. அதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தேர்ச்சி கிடையாது. ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை உட்கார்ந்தார். எல்லாப் பக்கத்தையும் இரண்டு தடவை கேட்டார். மறுபடியும் முதல் விடை, மறுபடியும் பரவாயில்லை.

இதில் அவருடைய நியாயம் சின்னது, கெட்டியானது. கிருமியைக் கொல்வது சோப்பு அல்ல, சூடு. தண்ணீர் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே துணி சில நிமிடங்கள் விடாமல் நிற்க வேண்டும். அங்கிருந்த மூன்று இயந்திரங்களில் ஒன்று புதியது. மின்சாரம் போய் வந்தால் தண்ணீரின் சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும் பழசு. அவற்றுக்கு நிமிடம் எண்ண மட்டும்தான் தெரியும். மின்சாரம் வந்ததும், தண்ணீர் ஆறிப்போனது தெரியாமல், விட்ட இடத்திலிருந்து எண்ணி முடித்து, 'ஆயிற்று' என்று பச்சை விளக்கைப் போட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அந்தப் பச்சை விளக்கை நம்பிச் சுத்தப் பக்கத்துக்குப் போய்க் கதவைத் திறந்தார். கையில் எடுத்த துணி வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பிறந்த குழந்தைகளைச் சுற்றும் துணி அது. அன்று அவருக்கு வேர்த்த வேர்வையை அவர் இன்னும் மறக்கவில்லை. மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பி, முதலிலிருந்து ஓட்டினார். அதிலிருந்து இன்றுவரை மின்சாரம் நின்றால் முதலிலிருந்துதான்.

டீச்சருக்கு வந்த கையேடு புது இயந்திரத்தினுடையது என்பது அவருக்கு முதல் நாளே விளங்கிவிட்டது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அடுத்தவர் மதிப்பெண்ணை வாயில் போட்டு மெல்லுகிறவர் இல்லை. தனியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"மூணாவது தடவையும் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. மெஷினைத் தொட விடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. மடிக்கிற பக்கம் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. பார்த்துப் போடுங்க."

வழி ஒன்றும் மூடிக் கிடக்கவில்லை. அழுக்குத் துணி பிரிக்கும் மேஜையில் வானொலி என்று ஓர் அம்மாள் உண்டு. வாய் ஓயாததால் வந்த பெயர். ஓய்வறையில் எல்லோருக்கும் பொதுவாக அவள் ஒரு ரகசியத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்: "படிச்சுப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. எது ரொம்ப நீளமா இருக்கோ அதுதான் சரி. பத்துக்குப் பத்து! நான் ஏழே நிமிஷத்துல எழுந்து வந்துட்டேன்."

ஆபரேட்டருக்கு அது வேறு வருத்தம். டீச்சர் இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியதை இவர்கள் ஏழு நிமிடத்தில் தாண்டுகிறார்களே என்று. நீளமான விடையை அழுத்திவிட்டு அவரும் எழுந்து போகலாம். ஆனால் தெரிந்தே ஒன்றைத் தப்பாகச் சொல்ல விரல் வரவில்லை. சரி, டீச்சரிடம் சொல்லிவிடலாமே என்றால் அதற்கும் வாய் வரவில்லை. தனிப் பொறுப்பில் அவள் செய்த முதல் பாடம். அலுவலகத்தில் கைதட்டினார்கள் என்று வந்து சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் பார்த்திருந்தார். அதை ஊதி அணைக்கிற ஆள் தானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தார். மடிக்கிற பக்கம் போய் நின்றால் என்ன, அங்கேயும் மனிதர்கள்தானே நிற்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்புறம் மூன்று இயந்திரங்களையும் ஒரு தடவை பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. மின்சாரம் போகும்போது அவர் அங்கே இல்லாவிட்டால், தொடர்க என்ற பொத்தானைத்தான் எல்லோரும் அழுத்துவார்கள். அதுவும் இப்போது பாடம் வேறு படித்திருக்கிறார்கள்.

பாடம் முடிந்துவிட்டதா என்று டீச்சர் கேட்டபோது, "ஆச்சு, ஆச்சு" என்று மழுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பறந்துகொண்டு வந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் முன்னூற்றுப் பதினோரு பேர் தேர்ச்சி. தலைமை அலுவலகத்தில் வாயெல்லாம் பல். திங்கட்கிழமை கூட்டம், எல்லோரும் தேறிவிட்டால் அந்த எட்டு மருத்துவமனைகளின் சமையலறை, காவல், துப்புரவு என்று எல்லாப் பாடமும் அவளுக்குத்தான். அவளுக்குக் கீழே நாலு பேர்.

"ஒரே ஒரு ஆள்தாங்க பாக்கி. கேள்வி என்னன்னு உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா அந்த ஆள் இருக்காரே, ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு ரெண்டு தடவை கேக்கறார். ஐம்பத்தோரு நிமிஷம்! கேட்டுட்டு, போன தடவை போட்ட அதே விடையைப் போட்டுட்டுப் போயிடறார்."

"எப்படி உட்கார்ந்திருப்பார், செஞ்சு காட்டும்மா" என்றாள் மகள்.

டீச்சர் கழுத்தை உள்ளே இழுத்து, புருவத்தை நெரித்து, இல்லாத திரையை முறைத்து, ஒற்றை விரலை மேலே தூக்கி மெதுவாக இறக்கிக் காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபரேட்டரும் சிரித்தார். தான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. ஆளைப் பார்க்காமலே எப்படிப் பிடித்துவிட்டாள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிரிப்பு அடங்கியதும், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆள் ஏன் அப்படிப் போடறான்னு யோசிச்சுப் பார்த்தியா?"

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? பிடிவாதம். நாளைக்கும் அதையே போட்டார்னா திங்கட்கிழமை நான் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?"

சொன்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினாள். களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் மனதில் ஓடியதெல்லாம் அவள் கடைசியாகக் கேட்ட கேள்விதான். அதற்குத் தன்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஒரு விரல் நகர்ந்தால் போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மதிய ஷிஃப்ட். டீச்சர் எட்டு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். அவர் நிதானமாகக் குளித்து, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, பதினோரு மணிக்கு ஓய்வறையில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் சற்றுத் தள்ளி, பார்க்காதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆறு கேள்வி போயிற்று. ஏழாவது வந்தது. அவர் மூன்றாவது விடையை முழுசாக ஒரு தடவை படித்தார். விரலைத் தூக்கினார். இந்த விரலைத்தானே நேற்று செய்து காட்டினாள் என்று நினைத்துக்கொண்டார். அழுத்தினார்.

"அருமை! மிகச் சரியான விடை. உங்க அனுபவம் நல்லாவே தெரியுது" என்றாள் டீச்சர் காதுக்குள்.

அந்தப் பாராட்டு அவருக்கு ஓங்கி ஓர் அறை விட்டது போல இருந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அதற்கு அவளே சபாஷ் போடுகிறாள். திரையில் சான்றிதழ் வந்தது. மேற்பார்வையாளர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் வயித்துல பாலை வார்த்தீங்க! உள்ளே போங்க, உங்களைப் பார்க்க ஆள் வந்திருக்கு."

அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அழுக்குப் பக்கத்துக் கதவைத் தோளால் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய இயந்திரத்தின் முன்னால், பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் தொளதொள அங்கியும் தலையுறையுமாக டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வானொலி முழு ஒலியில்.

"வாங்கண்ணே! அண்ணி ஒன்பது மணிக்கே வந்து, சார்கிட்ட கெஞ்சிக் கேட்டு உள்ளே வந்துட்டாங்க. ஓடற மெஷினைப் பாதியில நிறுத்தச் சொல்லி, இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி போடச் சொல்லி, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவுன்னு ஒரே ஆராய்ச்சி. நானும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீளமான விடை விஷயம்கூடச் சொல்லிட்டேன்!"

டீச்சர் கண்கள் சிவந்திருந்தன. கையில் இருந்த தாளை அவரிடம் நீட்டினாள். கையுறையோடு அவர் அதை வாங்க முடியாது என்று உறைத்ததும் தானே பேசத் தொடங்கினாள்.

"தண்ணி ஆறிப்போச்சுங்க. இந்த மெஷினுக்கு அது தெரியவே இல்ல. அது பாட்டுக்கு எண்ணி முடிச்சுட்டுப் பச்சை விளக்கைப் போடுது. நான் புது மெஷினோட கையேட்டை வெச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் சேர்த்து எழுதிட்டேன். அதையே கட்டாயக் கேள்வியாவும் வெச்சேன், நானே கேட்டு வெச்சேன். விடையை வேற நீட்டி நீட்டி எழுதியிருக்கேன். புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பேன், சரியான விடையை மட்டும் விளக்கமா எழுதாதே, பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. எழுதினது தப்பாயிடக் கூடாதேங்கற பயத்துல நானே எல்லாத்துலயும் அப்படிச் செஞ்சு வெச்சிருக்கேன்."

"விடு" என்றார் அவர்.

"எப்படி விடறது? நேத்து நீங்க கேட்டீங்களே, அந்த ஆள் ஏன் அப்படிப் போடறான்னு. என்னால தூங்க முடியல. ஒரே தப்பை ஒருத்தர் ரெண்டு தடவை அச்சு மாறாம செஞ்சா, அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். இது என் தொழில். அது எனக்குத் தோணாம, உங்க முன்னாடி அவரை நடிச்சுக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னூத்திப் பன்னண்டு பேர்ல கேள்வியைப் படிச்சது அவர் ஒருத்தர்தாங்க. அவரைத் தேடிக் கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேக்கணும். பாடத்தையே நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதி வெச்சிருக்கேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இன்னைக்கு அவருக்கு மூணாவது தடவை. எங்கேயோ ஒரு மூலையில உட்கார்ந்து மறுபடியும் அதையேதான் போட்டிருப்பார். அசையவே மாட்டார், எனக்குத் தெரியும்."

ஆபரேட்டருக்கு அந்த இயந்திரத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"இல்ல" என்றார். "அவன் இன்னைக்கு மாத்திப் போட்டுட்டான்."

"யாரு?"

"அந்த ஆள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏன் மாத்தினாராம்?"

அவர் இயந்திரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"அவன் பொண்டாட்டிக்குத் திங்கட்கிழமை மீட்டிங் இருக்காம்."

வானொலி வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, ஒரு வார்த்தை பேசாமல் மூடிக்கொண்டு, ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களே."

"நல்லாத்தானே நடிச்ச."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு சிரிப்பு போய் அழுகை மட்டும் நின்றது. கிட்டே வரப் போனவளை அவர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்துக்கொண்டு தடுத்தார்.

"தொடாதே. அழுக்குக் கையுறை."

அவள் கைப்பேசியை எடுத்தாள். நின்றபடியே கடிதத்தின் அடியில் சில வரிகள் சேர்த்தாள். சேர்த்ததை அவருக்கு வாசித்தும் காட்டினாள்: "பயிற்சி எண் இருநூற்றுப் பதினேழு முதல் இரண்டு முறை கொடுத்த விடையே சரி. மூன்றாவது விடைக்கு நானே பொறுப்பு. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்."

"எல்லாரும் பாஸாயிட்டாங்க. இப்ப அனுப்பினா எல்லாருக்கும் போயிடும்" என்றார் அவர். "உன் மீட்டிங்கும்தான்."

"போகட்டும்ங்க. உங்களைப் பொய் சொல்ல வெச்ச பாடம் எனக்கு எதுக்கு?"

அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் சுவரில் சாய்ந்துகொண்டாள். முகத்தைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இரு, வந்துடறேன்" என்றார் ஆபரேட்டர். கையுறைகளை ஒவ்வொன்றாக, வெளிப்பக்கம் விரலில் படாமல் உரித்துத் தொட்டியில் போட்டார். அங்கியைக் கழற்றினார். கழுவுமிடத்துக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டு, விரலிடுக்குகளைத் தேய்த்து, அலசி, தாளில் ஒற்றித் துடைத்தார். அவசரத்தில் ஒரு படியையும் அவர் விடவில்லை. அவள் நின்ற இடத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் வந்து, ஈரம் காயாத இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.